மருந்து எழுதப் பழகும் இளம் மருத்துவர்கள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் டிரசர் ஐயாதான். காலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, காய்ச்சல்காரர்களும் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். டிரசர் ஐயா கண்ணாடிப் புட்டியில் கலவை மருந்தை ஊற்றுவார். நீளமான காகிதத் துண்டு ஒன்றைப் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அந்தக் காகிதத்தைப் பார்த்து, ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்வார்.

அந்த டிரசர்களை முறையாகப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மருந்தைக் கையால் எடுத்துக் கொடுப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று தோட்டங்கள் பல துண்டுபட்டுவிட்டன. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பகாவுக்கும் வீடு மாறிவிட்டன. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களும் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குத்தான் போகிறார்கள். அங்கே நம்மைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஓர் இளம் மருத்துவர். நம் பேரப்பிள்ளை வயதுதான் இருக்கும். அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே நமக்கு மருந்து எழுதுகிறார்.

இந்தப் பிள்ளை மருந்து எழுத எங்கே கற்றுக்கொண்டது? யார் மேல் எழுதிப் பழகியது? இந்தக் கேள்வி நம்மில் பலருக்கு உள்ளூர எழுவதுண்டு. அதற்கு விடை சொல்வதுதான் இன்றைய பேச்சு.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். புதிதாகக் கத்தி பிடிப்பவரை நல்ல மரத்தில் விட்டால் கத்தி ஆழப் பாய்ந்துவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை மறுபடி வளர்ந்தாலும் முண்டு முண்டாகத்தான் வளரும். ஆகவே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய கிழட்டு மரத்தில் பழகவிட்டு, கை பதமான பிறகே நல்ல மரத்துக்கு அனுப்புவது விவேகம். மருத்துவர்களுக்கு அப்படிப் பழகுவதற்கு ஒரு கிழட்டு மரம் நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. மாணவர்கள் மருந்துகளின் பெயரையும் குணத்தையும் புத்தகத்தில் படித்தார்கள். வார்டில் மூத்த மருத்துவர் எழுதுவதைப் பார்த்தார்கள். பட்டம் வாங்கிய மறுநாள் உண்மையான நோயாளிக்கு உண்மையான மருந்தை எழுதினார்கள்.

இதனால் விளைந்தது என்ன என்று இங்கிலாந்தில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 2009ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு, 19 மருத்துவமனைகளில் எழுதப்பட்ட 1,24,260 மருந்துக் குறிப்புகளைப் பரிசோதித்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 9 குறிப்புகளில் ஏதோ ஒரு பிழை இருந்தது. புதிதாகப் பட்டம் பெற்ற முதலாண்டு மருத்துவர்களிடம் நூற்றுக்கு 8.4, இரண்டாம் ஆண்டு மருத்துவர்களிடம் 10.3, பல்லாண்டு அனுபவமுள்ள நிபுணர்களிடமும் 5.9. ஆகவே இது இளைஞர்களின் கவனக்குறைவு மட்டுமன்று. மருந்து எழுதுவது இயல்பாகவே கடினமான வேலை. இவற்றுள் பெரும்பாலான பிழைகளை மருந்தாளுநர்களும் தாதியரும் நோயாளியிடம் போய்ச் சேருமுன் பிடித்துவிட்டார்கள் என்பது நாம் ஆறுதல் அடையவேண்டிய செய்தி.

இந்தியாவிலும் ஒரு கணக்கு உண்டு. 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஆகஸ்ட் வரை, 13 பெரிய மருத்துவமனைகளில் எழுதப்பட்ட 4,838 மருந்துச் சீட்டுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். முடிவு 2024இல் வெளிவந்தது. 2,171 சீட்டுகள் வழிகாட்டு நெறியிலிருந்து ஏதோ ஒரு வகையில் விலகியிருந்தன. அவற்றுள் 475 சீட்டுகளில் கண்ட விலகல் ஏற்கத்தகாதது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். தேவையில்லாத மருந்தைச் சேர்ப்பதும் அளவு தவறுவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகளை எழுதுவதும் இத்தகைய விலகல்களே.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் முக்கியமானவர்கள் ஹாலந்து நாட்டு குரோனிங்கன் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள். அவர்களுடைய முறையை உலக சுகாதார நிறுவனம் 1994இல் ஒரு கையேடாக வெளியிட்டது. மருந்து எழுதுவதை அது ஆறு படிகளாகப் பிரிக்கிறது. நோயாளிக்கு என்ன கோளாறு என்று தெளிவது முதற்படி. சிகிச்சையால் எதை அடைய விரும்புகிறோம் என்று முடிவு செய்வது இரண்டாம் படி. நாம் வழக்கமாகத் தரும் மருந்து இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது மூன்றாம் படி. சீட்டு எழுதுவது நான்காம் படி. மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கி எச்சரிப்பது ஐந்தாம் படி. பலனைக் கவனித்து, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பது ஆறாம் படி.

பாருங்கள், சீட்டில் பேனா படுவது நான்காவது படியில்தான். அதற்கு முன்னே மூன்று, பின்னே இரண்டு. நாமோ அந்த நான்காவது படியை மட்டும் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆறு படி முறை உண்மையிலேயே பயன் தருகிறதா என்று ஏழு நகரங்களின் மருத்துவ மாணவர்கள் 219 பேரை வைத்துச் சோதித்தார்கள். புதுடில்லி, காட்மண்டு, ஜோக்ஜகார்த்தா ஆகிய ஆசிய நகரங்களும் அவற்றில் அடங்கும். 1995இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, பயிற்சி பெற்ற மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாக மருந்து எழுதினார்கள். பயிற்சியில் வராத நோய்களுக்கும் அதே முறையைக் கையாண்டார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறன் அவர்களிடம் இருந்தது.

பிறகு கணினி பரவியது. புத்தகத்தில் இருந்த ஆறு படிகள் திரைக்கு ஏறின. ஆஸ்திரேலியாவில் இந்தக் கையேட்டை அடிப்படையாக வைத்து, நோயாளிகளின் கதைகளாகவே கணினிப் பாடங்களை அமைத்தார்கள். பிரிட்டனில் 2014இல் மருத்துவ மாணவர்களுக்கான மருந்து எழுதும் தேர்வு ஒன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கணினியில் எழுதும் தேர்வு அது. இரண்டு மணி நேரம், 60 கேள்விகள், 200 மதிப்பெண்கள் என்று அதை வகுத்தார்கள். அதில் ஒரு வியப்பு என்னவென்றால், மருந்து நூலைப் புரட்டிப் பார்த்தே விடை எழுதலாம். மனப்பாடம் செய்தவன் நல்ல மருத்துவன் அல்லன்; சந்தேகம் வந்தால் நூலைப் பார்ப்பவனே நல்ல மருத்துவன் என்பது அதன் பொருள். ஆகவே, உங்கள் மருத்துவர் மருந்து எழுதுமுன் கைப்பேசியிலோ புத்தகத்திலோ பார்த்தால், "இவருக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று முகம் சுளிக்காதீர்கள். அவர் சரியாகக் கற்றவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அண்மை ஆண்டுகளில் இளம் மருத்துவர்களுக்கென இணையத்தின் வழி மருந்து எழுதும் பாடம் ஒன்றை நடத்தி வருகிறது.

திரையில் மாணவர் எப்படிப் பழகுகிறார்? நம் வீட்டுக் கதையாகவே ஒன்றைக் கற்பனை செய்து சொல்கிறேன்.

திரையில் ஓர் அம்மாள் தோன்றுகிறார். வயது 62. நெடுங்காலம் வெளிக்காட்டு வேலை செய்தவர். மூன்று வாரமாக முழங்கால் வலி. மாணவர் தொட்டுக் கேட்கக் கேட்கத் திரை பதில் சொல்கிறது. இரத்த அழுத்தம் உண்டா? உண்டு. என்ன மருந்து சாப்பிடுகிறார்? பெரிண்டோபிரில் ஒன்று, சிறுநீரை அதிகப்படுத்தும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஒன்று. மாணவர் அவசரப்பட்டு வலிக்கு டைக்லோஃபெனாக் மாத்திரை எழுதுகிறார். உடனே திரை மாறுகிறது. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வருகிறார். வலி குறைந்திருக்கிறது. ஆனால் கால் வீங்கியிருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிகிறது.

ஏன் அப்படி? சிறுநீரகம் ஒரு வடிகட்டி. அதற்குள் இரத்தம் போதிய அழுத்தத்தோடு பாய வேண்டும். டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகின்றன. பெரிண்டோபிரில் வெளியே போகும் குழாயை விரிக்கிறது. சிறுநீர் மருந்து உடம்பிலுள்ள நீரைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால், வரத்து குறைந்து, போக்கு கூடி, வாய்க்காலே வற்றிய கதைதான். தனித்தனியே மூன்றும் நல்ல மருந்துகள். சேர்ந்தபோதுதான் வினை.

மாணவர் முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். இம்முறை பாரசிட்டமால், முழங்காலில் தடவும் மருந்து, தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று எழுதிப் பார்க்கிறார். திரையிலுள்ள அம்மாளுக்கு எந்தக் கேடும் வரவில்லை. ஒரு தவறு செய்தார், அதன் பயனைக் கண்ணால் கண்டார், யாரும் சாகவில்லை. கிழட்டு மரம் என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான்.

கணக்குப் பயிற்சியும் உண்டு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150 மில்லிகிராம் வேண்டும். மருந்துக்கடையில் இரண்டு வகைப் பாகு இருக்கிறது. ஒன்றில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் 250 மில்லிகிராம். முதல் வகையில் சுமார் 6 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும்; இரண்டாம் வகையில் 3 மில்லிலிட்டரே போதும். பழைய புட்டியின் பழக்கத்தில் புதிய புட்டியிலிருந்து ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். மாணவரைத் திரை இப்படிப் பத்து, இருபது தடவை கணக்குப் போடச் சொல்கிறது. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகும் என்பது அப்போது மனத்தில் பதிகிறது. தாய்மார்களே, இந்தப் பாடம் உங்களுக்கும் உரியது. பாகு மருந்து வாங்கும்போது, "போன தடவை கொடுத்த அதே அளவு வகைதானா?" என்று கேளுங்கள். சமையற்கரண்டியால் அளக்காமல், மருந்தோடு தரும் அளவுக் குப்பியாலோ ஊசியில்லாத குழலாலோ அளந்து கொடுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். சிரம்பானில் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை இருக்கிறது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லிப் பழகியது அதைத்தான். 1992இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.யூ. என்னும் மருத்துவக் கல்வி நிலையம், 1999இல் தன் மருத்துவப் பயிற்சிப் பள்ளியைச் சிரம்பானில் அமைத்தது. அதன் மாணவர்கள் படிப்பின் பிற்பகுதியில் அந்த வார்டுகளில்தான் நடமாடுகிறார்கள். நம் கட்டிலருகே வந்து, "ஐயா, கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்கும் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் இத்தகையவர்களே. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, நாடெங்கும் மாணவர்கள் வீட்டிலிருந்தபடி திரை வழியே படிக்க நேர்ந்தது. திரைப்பாடம் எவ்வளவு உதவும் என்பதும், அதனால் எது முடியாது என்பதும் அப்போது எல்லாருக்கும் விளங்கியது.

திரையால் எது முடியாது? நேயர்களே, இதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

திரையிலுள்ள நோயாளி எதையும் ஒளிப்பதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நேராகப் பதில் சொல்வார். நாமோ அப்படியில்லை. "மருந்தெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "ஆமாம் டாக்டர்" என்று தலையை ஆட்டிவிடுவோம். பாதி மாத்திரை வீட்டு அலமாரியில் கிடக்கும். முழங்கால் வலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி மாத்திரையைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். சந்தையில் வாங்கிய லேகியத்தையும் மாஜூனையும் மருந்து என்றே எண்ண மாட்டோம். அப்படி விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை கண்டுபிடித்திருக்கின்றன. மருத்துவர் திட்டுவாரோ என்ற பயம். சின்னப் பிள்ளையிடம் எதற்குச் சொல்வது என்ற கூச்சம். பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பழகிய நமக்கு, படித்தவரிடம் "தெரியாது", "சாப்பிடவில்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது.

மொழியும் ஒரு தடைதான். இந்தப் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளவை. அங்கே நோயாளி, "மூட்டு வலி, மூன்று வாரம்" என்று அளந்து பேசுவார். நம் பாட்டியோ, "கை காலெல்லாம் ஒரே குடைச்சல், நெஞ்சு கரிக்கிறது, தலை கிறுகிறுக்கிறது" என்பார். அதைக் கேட்கும் மாணவர் தமிழ்ப் பிள்ளையாக இருந்தாலும் சில சமயம் விழிப்பார். பிறகு மருந்துப் பையில் வரும் எழுத்தோ மலாயில் இருக்கும். 'தீகா காலி செஹாரி', 'செலப்பாஸ் மாக்கான்' என்றால் நாளைக்கு மூன்று தடவை, சாப்பிட்ட பிறகு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் படித்துச் சொல்வது? டிரசர் ஐயா பல் பல்லாக வெட்டி ஒட்டிய அந்தக் காகிதத்துக்கு இன்று இணை எது?

அதற்கு இணை நீங்கள்தான். ஆறு படிகளில் மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் ஆறாம் படியும் மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறக் கூடியவை அல்ல. இந்த மருந்து எனக்குப் பொருந்துமா என்பதற்குரிய செய்தி நம்மிடம்தான் இருக்கிறது. மருந்தைச் சாப்பிட்ட பிறகு என்ன ஆயிற்று என்பதும் நமக்குத்தான் தெரியும். நாம் அதைச் சொல்லாவிட்டால், திரையில் எத்தனை வருடம் பழகிய கையும் இருட்டில்தான் எழுதும்.

ஆகவே, எளிய சில பழக்கங்களை மேற்கொள்வோம். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரை, தைலம், லேகியம், கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது எதையும் விட வேண்டாம். பையை மேசைமேல் வைத்து, "இதெல்லாம் சாப்பிடுகிறேன்" என்று சொன்னால் போதும். வாயால் சொல்லக் கூசுவதைப் பை சொல்லிவிடும். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் நாட்டில் 1980களிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் குறை உண்டா என்று சோதித்து வருகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி இருப்பதாகச் சொல்லியிருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லுங்கள். சில மருந்துகள் அத்தகையவரின் இரத்த அணுக்களை உடைத்துவிடும்.

மருந்து வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்கு? எப்படிச் சாப்பிடுவது? என்ன ஆனால் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும்? சுகாதார அமைச்சு 2007இல் 'கெனாலி உபாட் அண்டா', அதாவது 'உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியதே, அதன் நோக்கமும் இதுதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தாத்தா, பாட்டியின் மருந்துப் பையில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனையும் நிலாவையும் வரைந்து கொடுங்கள்.

வார்டில் ஒரு மாணவர் வந்து பேசலாமா என்று கேட்டால், உடம்பு இடம் கொடுத்தால் பேசுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பேசினால், குடைச்சல் என்றால் என்ன, கிறுகிறுப்பு என்றால் என்ன என்று எந்தத் திரையும் சொல்லித் தராததை நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவராவீர்கள். நாளை அவர் இன்னொரு தோட்டத்துப் பாட்டிக்கு மருந்து எழுதும்போது அது உதவும்.

திருவள்ளுவர் மருந்துக்கென்றே 95ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. அந்த நான்கில் மருத்துவருக்குத் திரையின் துணை வந்துவிட்டது. நோயாளியின் இடத்திலும், பக்கத்திலிருந்து கவனிப்பவரின் இடத்திலும் இருப்பவர்கள் நாம். இன்றிரவே அலமாரியைத் திறந்து அந்தப் பையைத் தயார் செய்து வையுங்கள்.